கணினித் திரையும் அதன் பின்னுள்ள உழைப்பும்

அறிவியல் வளர்ச்சி நாள்தோறும் நம் வாயிற்கதவைத் தட்டும் காலம் இது. கரும்பலகையும் வெண்கட்டியும் மட்டுமே துணையாக நின்ற வகுப்பறையில் இன்று கணினியும் இடம்பெற்றுவிட்டது. ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, சென்ற பரிசளிப்பு விழாவில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே நம் நினைவுக்கு வந்தது. அதனை மறைக்காமல் எழுதுவது பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன் தரும் எனக் கருதுகிறோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் முன்னாள் மாணவர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நம் பள்ளிக்கு ஒரு கணினி வாங்கப்பட்டது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டது. மலாக்கா பட்டணத்துக் கடை ஒன்றில், திரையும் கணினியும் ஒரே உடலாக அமைந்த மேசைக் கணினியைக் கண்டோம். இவ்வகையை 'ஆல்-இன்-ஒன்' என வழங்குவர். அதன் திரையில் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன என்றார் விற்பனையாளர். படங்கள் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தன. வேறொன்றும் கேளாமல் வாங்கி வந்தோம்.

விழா நாளன்று, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பல வாரங்கள் உழைத்து உருவாக்கிய அசைபடம் மேடையில் அக்கணினியில் காட்டப்பட்டது. சூரியனைக் கோள்கள் சுற்றி வரும். ஒவ்வொரு கோளின் பெயரும் தமிழில் உடன் நகர்ந்து வரும். ஆனால், நடந்தது வேறு. பூமி சற்றே நகர்ந்தது, நின்றது, பின்னர்த் தாவியது. பெயர்கள் கோள்களை விட்டுப் பின்தங்கின. "ஐயா, நான் எங்கே தவறு செய்தேன்?" என்று அக்குழந்தை கண்கலங்கிக் கேட்டாள். "நீ செய்ததில் ஏதோ பிழை இருக்கும் அம்மா, பிறகு பார்த்துத் திருத்திக்கொள்" என்று கூறிவிட்டோம். அவ்வாறு கூறியதே பெரும்பிழை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

புள்ளிகளால் ஆன திரை

கணினித் திரையில் தோன்றும் படம் முழுமையான ஓவியம் அன்று. மிக நுண்ணிய புள்ளிகள் வரிசை வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் ஒரு நிறம் காட்டுவதால் நம் கண்ணுக்குப் படமாகத் தெரிகிறது. ஒரு புள்ளியைப் 'பிக்சல்' என்பர். விழா வாசலில் நம் தாய்மார்கள் போடும் புள்ளிக் கோலத்தை எண்ணிப் பாருங்கள். புள்ளிகள் அருகருகே அமைந்தால் வளைவு அழகாக வரும். தொலைவாக அமைந்தால் வளைவு உடைந்து கோணலாகத் தெரியும். ஒரு திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதே அதன் தெளிவுத்திறனுக்கு அளவுகோல்.

திரையும் பொறியும் ஒன்றான கணினி புதியதன்று. 1984ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாஷ் கணினி அவ்வகையைச் சேர்ந்ததே. அதன் ஒன்பது அங்குலத் திரையில் குறுக்கே 512, நெடுக்கே 342 ஆக 175,104 புள்ளிகள் இருந்தன. அவையும் கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறம் காட்டின. 1998இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஐமேக், 1024க்கு 768 என 786,432 வண்ணப் புள்ளிகள் வரை காட்டியது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வந்த 27 அங்குல ஐமேக்கிலோ குறுக்கே 5120, நெடுக்கே 2880 எனப் புள்ளிகள் 14,745,600 ஆகப் பெருகிவிட்டன. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 84 மடங்கு! இத்திரையை 'ஐந்து கே' என்பர். இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 'முழு எச்.டி.' திரையில் 2,073,600 புள்ளிகளும், நாம் வாங்கிய 'நான்கு கே' திரையில் அதனினும் சரியாக நான்கு மடங்காக 8,294,400 புள்ளிகளும் உள்ளன.

நிரைகளும் ஆட்களும்

இவ்விடத்தில் நம் மாநில வரலாறு ஒன்று நமக்குக் கைகொடுக்கிறது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில்தான் நம் முன்னோர் பலர் வாழ்ந்தனர். இன்று பல இடங்களில் செம்பனை நிற்கிறது எனினும், நிரை நிரையாக நின்ற பால்மரங்களை நம் மாணவர்களின் தாத்தா பாட்டிமார் மறந்திருக்கமாட்டார்கள். நம் தந்தையாரும் பால்மரம் வெட்டியவரே.

திரையின் புள்ளிகளை அம்மரங்களாகக் கொள்வோம். ஒருவர் ஒரு காலையில் நானூறு, ஐந்நூறு மரங்கள் வெட்டுவார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே, இருளோடு புறப்பட்டு, வெயில் ஏறுமுன் தம் நிரை முழுவதையும் முடித்தாக வேண்டும். திடீரென ஒருநாள் மரங்கள் நான்கு மடங்காகிவிட்டன. ஆட்களோ அதே ஆட்கள்தாம் என்றால் என்ன ஆகும்? நேரத்துக்குள் வேலை முடியாது. மரங்கள் பெருகியதனால் மட்டும் பால் பெருகிவிடுவதில்லை.

கணினியிலும் இதுவே நிகழ்கிறது. பெரும்பாலான திரைகள் ஒரு நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கின்றன. கரும்பலகையை ஒரு நொடிக்குள் 60 முறை அழித்து 60 முறை எழுதுவதாக எண்ணிக்கொள்ளலாம். நகரும் படமானால், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்ன நிறம் என்று யாரேனும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். 'நான்கு கே' திரைக்கு ஒரு நொடியில் 49 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். 'ஐந்து கே' திரைக்கு 88 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒரு படத்தைக் கணக்கிட்டு முடிக்கக் கிடைக்கும் காலமோ ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குதான். அக்காலத்துக்குள் புதிய படம் ஆயத்தமாகாவிட்டால், திரை பழைய படத்தையே மீண்டும் காட்டும். நம் மாணவியின் பூமி நின்று நின்று தாவியதன் காரணம் இதுவே.

இப்பணியைச் செய்யும் உறுப்பு 'கிராஃபிக்ஸ் சிப்' எனப்படும் வரைகலைச் செயலி. கணினியின் மையச் செயலி தோட்டத்துக் கிராணியைப் போன்றது. பலவகைக் கணக்குகளையும் மாறி மாறிப் பார்க்கும் திறமை உடையது. வரைகலைச் செயலியோ பெரட்டுக்கு வந்து நிற்கும் ஆட்கூட்டத்தைப் போன்றது. ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே மாதிரியான கணக்கை ஒரே வேளையில் போடுவதற்கென்றே, சிறு சிறு கணக்கீட்டு அலகுகள் பல அதனுள் அடங்கியுள்ளன. 2014ஆம் ஆண்டு 'ஐந்து கே' ஐமேக்கில் இடம்பெற்ற ஏ.எம்.டி. ரேடியான் ஆர்9 எம்290எக்ஸ் என்னும் செயலியில் இத்தகைய அலகுகள் 1,280 இருந்தன. கூடுதல் விலை கொடுத்தோர்க்குக் கிடைத்த எம்295எக்ஸ் செயலியில் 2,048 இருந்தன. அழகிய திரையைக் கொடுத்தவர்கள், அதற்கேற்ற ஆட்களையும் சேர்க்க வேண்டியிருந்தது.

லயத்துக் குழாயும் நினைவகமும்

ஆட்கள் மட்டும் போதுமா? போதாது. கணக்கிட வேண்டிய படங்களை வைத்து எடுக்க நினைவகம் வேண்டும். சில கணினிகளில் வரைகலைச் செயலிக்குத் தனி நினைவகம் உண்டு. விலை குறைந்த கணினிகள் பலவற்றில் வரைகலைச் செயலி மையச் செயலியோடு சேர்ந்தே இருக்கும். இரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும். நம் இளமையில் லயத்து வீடுகள் பலவற்றுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. காலையில் எல்லாரும் குடத்தோடு வரிசையில் நிற்பர். அருகில் இன்னொரு குழாய் இருந்தால் வரிசை பாதியாகும். பகிர்ந்துகொள்ளும் நினைவகமும் அப்படித்தான். ஒரே நினைவகப் பலகை பொருத்தப்பட்டிருந்தால் வழி ஒன்று. இரண்டு பலகைகளை உரிய இடங்களில் பொருத்தினால் பெரும்பாலான கணினிகளில் வழி இரண்டாகி, வரைகலைச் செயலி காத்திருக்கும் நேரம் குறையும்.

பகிர்வது எப்போதும் குறையன்று. 2021ஆம் ஆண்டில் வந்த 24 அங்குல ஐமேக்கில் மையச் செயலியும் வரைகலைச் செயலியும் 'எம்1' என்னும் ஒரே சில்லில் அமைந்து, ஒரே நினைவகத்தைப் பயன்படுத்தின. அந்நினைவகத்துக்குச் செல்லும் வழி அகலமாக அமைக்கப்பட்டிருந்ததால், 11,289,600 புள்ளிகள் கொண்ட திரையை அது நன்றாகவே இயக்கியது. எனினும், வாங்கிய பிறகு அதன் நினைவகத்தைக் கூட்ட இயலாது. வாங்கும் நாளிலேயே தேவையை எண்ணி முடிவு செய்ய வேண்டும்.

ஒரே கூரையின் கீழ்

திரையையும் பொறியையும் ஒன்றாக வைப்பதில் நன்மையும் உண்டு; இடரும் உண்டு. முதலில் நன்மையைக் கூறுவோம். 2014ஆம் ஆண்டில் வழக்கிலிருந்த இணைப்புக் கம்பி ஒன்றினால், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 'ஐந்து கே' படத்தை முழுமையாகச் சுமக்க இயலவில்லை. அவ்வாண்டில் டெல் நிறுவனம் அறிவித்த தனித் திரைக்கு இரண்டு கம்பிகள் தேவைப்பட்டன. ஐமேக்கில் திரையும் பொறியும் ஓர் உடலுக்குள் இருந்ததால், உள்ளிணைப்பையும் புள்ளிகளுக்கு ஆணையிடும் கட்டுப்பாட்டுச் சில்லையும் அந்நிறுவனமே தனக்கேற்றவாறு வடிவமைத்துக்கொண்டது.

இனி இடரைக் காண்போம். கடுமையாக உழைக்கும் செயலி கடுமையாகச் சூடேறும். மெல்லிய உடலுக்குள் காற்றோட்டத்துக்கு இடம் குறைவு. ஆகையால், ஆல்-இன்-ஒன் கணினிகள் பலவற்றில் மடிக்கணினிக்கென உருவான வரைகலைச் செயலிகளையே பொருத்துகின்றனர். முன்னர்க் கூறிய செயலிகளின் பெயரில் உள்ள 'எம்' என்னும் எழுத்து அதனையே குறிக்கும். அளவுக்கு மீறிச் சூடேறினால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றுத் துளைகளில் செம்மண் புழுதி அடைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இது முக்கியச் செய்தி.

மற்றோர் இடர், முதுமை. திரை பல்லாண்டு உழைக்கும். பொறி விரைவில் பழையதாகும். 2014ஆம் ஆண்டு ஐமேக்குக்கு 2020இல் வெளிவந்த 'பிக் சர்' இயங்குதளமே ஆப்பிள் வழங்கிய இறுதியானது. அதன் திரை இன்றும் அழகாக ஒளிரலாம். ஆயினும், அதனை வேறொரு கணினிக்குத் திரையாக இணைக்கும் வசதியை நிறுவனம் தரவில்லை. தனித்தனியாக வாங்கியிருந்தால் பொறியை மட்டும் மாற்றியிருக்கலாம்.

தமிழ் எழுத்துக்குச் செய்யும் நன்மை

அவ்வாறாயின் புள்ளிகள் மிகுந்த திரை வீண் செலவா? இல்லை. தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கு அது பெருந்துணை. நம் 247 எழுத்துகளில் வளைவும் சுழியும் இல்லாதவை மிகச் சில. 'ன'கரத்துக்கும் 'ண'கரத்துக்கும் உள்ள வேற்றுமை ஒரு சுழியே. மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி மங்கினால் சொல்லே மாறிப் போகும்.

புள்ளிகள் குறைந்த பழைய திரைகளில் இவ்வெழுத்துகளை அமைப்பது எளிதாக இருக்கவில்லை. நம் நாட்டுத் தமிழர் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் 'முரசு' என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். இவர், தமிழாசிரியராகப் பணியாற்றிய கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் மைந்தர். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துருவும் இவர் கைவண்ணமே. உலகப் பெருநிறுவனம் ஒன்றின் கணினித் திரையில் தமிழ் ஒளிர்வதற்கு மலேசியத் தமிழர் ஒருவரின் உழைப்பும் காரணம் என்பதை நம் மாணவர்கள் அறிந்து மகிழ வேண்டும்.

இன்றைய எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் வடிவம் புள்ளிகளாக வைக்கப்படுவதில்லை, வளைகோடுகளாகவே வைக்கப்படுகிறது. காட்டும்போது கணினி அக்கோட்டைத் திரைப் புள்ளிகளாக மாற்றுகிறது. புள்ளிகள் குறைந்தால் வளைவு படிக்கட்டுபோல் தெரியும். மிகுந்தால் அச்சுப் புத்தகம்போல் வழுவழுப்பாகத் தெரியும். மேலும், நாம் படித்துக்கொண்டிருக்கும் பக்கம் அசையாமல் நிற்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டியதில்லை. எளிய வரைகலைச் செயலியே போதும். ஆகவே, படிக்கவும் எழுதவும் நம் கணினி மிக நல்ல கணினி. விரைந்து நகரும் முப்பரிமாணப் படத்துக்குத்தான் அதன் ஆட்பலம் போதவில்லை.

திருத்தமும் படிப்பினையும்

விழா முடிந்த ஒரு வாரத்தில், ஜாசினில் கணினி பழுதுபார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். மாணவியின் படைப்பை முழுவதும் பார்த்துவிட்டு, "ஐயா, பிள்ளையின் வேலையில் குறை ஒன்றும் இல்லை. இந்தத் திரைக்கு உள்ளே இருக்கும் சிப் போதாது" என்றார். பின்புறத்தைத் திறந்தபோது, நினைவகப் பலகை ஒன்று மட்டுமே இருந்தது. பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதே அளவுள்ள மற்றொரு பலகையைப் பொருத்தினார். காற்றுத் துளைகளைத் துடைத்தார். பின்னர் அசைபடத்தை மட்டும் 1920க்கு 1080 என்னும் அளவில் கணக்கிடும்படி அமைத்தார். அப்போது திரையின் நான்கு புள்ளிகள் சேர்ந்து ஒரு புள்ளியாக நிற்கும். கணக்கிட வேண்டியது கால் பங்காகக் குறையும். கோள்களின் விளிம்பில் சிறிதளவு தெளிவு குறைந்தது உண்மையே. ஆனால், பூமி தங்குதடையின்றிச் சுழன்றது. பெயர்கள் கோள்களோடு ஒன்றி நகர்ந்தன.

மறுநாள் காலைச் சபைகூடலில் அந்த அசைபடத்தை அனைவருக்கும் காட்டினோம். "உன் படைப்பில் பிழை இல்லை அம்மா, கணினியைத் தேர்ந்தெடுத்த எம்மிடமே பிழை" என்று எல்லார் முன்னிலையிலும் கூறினோம். குழந்தையின் முகம் மலர்ந்தது. தலைமையாசிரியர் தம் பிழையை ஒப்புக்கொள்வதால் மதிப்புக் குறைவதில்லை என்பதை அன்று நாமும் கற்றுக்கொண்டோம்.

இனிக் கணினி வாங்க எண்ணும் பெற்றோர்க்குச் சில சொற்கள். முதலாவது, எந்த வேலைக்கு என்பதை முடிவு செய்யுங்கள். படிக்கவும் எழுதவும் தெளிந்த திரை முதன்மை; அசைபடமும் முப்பரிமாண விளையாட்டும் வேண்டுமாயின் வரைகலைச் செயலி முதன்மை. இரண்டாவது, திரையில் எத்தனை புள்ளிகள் என்று கேட்டவுடன், அவற்றை இயக்கும் வரைகலைச் செயலி எது, அதற்குத் தனி நினைவகம் உண்டா என்பதையும் கேளுங்கள். மூன்றாவது, நினைவகத்தைப் பின்னர்க் கூட்ட முடியுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான்காவது, கடையில் ஓடும் அழகிய படத்தைக் கண்டு மயங்காமல், உங்கள் பிள்ளை செய்யும் வேலையையே அங்கு ஓடவிட்டுப் பாருங்கள். ஐந்தாவது, வாங்கிய பின் காற்றுத் துளைகளைத் தூய்மையாக வைத்திருங்கள்.

மாணவச் செல்வங்களே! திரையில் ஒரு படம் இயல்பாக நகரும்போது, நம் கண்ணுக்குப் புலப்படாமல் கோடிக்கணக்கான கணக்குகள் உரிய நேரத்தில் முடிக்கப்படுகின்றன. விடியலுக்கு முன்னே எழுந்து தம் நிரையை முடித்த உங்கள் பாட்டன் பாட்டியரின் உழைப்பையும் உலகம் பெரும்பாலும் கண்டதில்லை. அவர்கள் தந்த பாலையே கண்டது. வெளியே தெரியும் அழகைப் போற்றுங்கள். அதனைத் தாங்கி நிற்கும் உழைப்பையும் கேட்டறிந்து போற்றுங்கள். கணினியைப் பயன்படுத்துவோராக மட்டும் நின்றுவிடாமல், அதன் உள்ளே நடப்பதை அறிவோராகவும், நாளை அதனை ஆக்குவோராகவும் வளருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!